புர்லே மார்க்ஸின் நடவு முறை

ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ் (1909–1994) பிரேசில் நாட்டு ஓவியர், தோட்ட வடிவமைப்பாளர். 1920களின் இறுதியில் பெர்லினில் தங்கியிருந்தபோது, டாலெம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடில்களில்தான் தன் நாட்டுச் செடிகளின் அழகை உணர்ந்தார். அக்காலப் பிரேசில் தோட்டங்களில் ஐரோப்பியச் செடிகளுக்கே மதிப்பு இருந்தது.

ஒரே இனச் செடியை வளைந்த விளிம்புள்ள பெரும் பரப்பாக நடுவது, அதையொட்டி நிறத்திலும் இலையமைப்பிலும் மாறுபட்ட வேறோர் இனத்தை நடுவது என்பது இவர் முறை. கலந்து நட்டால் கலைந்துபோகும் வண்ணம், இப்படித் திரட்டி நடும்போது தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும். பூ சில வாரங்களில் உதிரும். இலையோ ஆண்டு முழுதும் நிற்கும். எனவே புரோமிலியாட், ஃபிலோடெண்ட்ரான், பனையினங்கள் ஆகியவற்றின் இலைகளையே பெரிதும் நம்பினார். இதை ஓவியரின் கண் என்று மட்டும் சொல்வது போதாது. தாவரவியலாளர்களுடன் காடுகளுக்குச் சென்று, எந்தச் செடி எந்த மண்ணில், எதன் அருகில் வளர்கிறது என்று பார்த்தறிந்த அறிவே இதன் அடித்தளம். காடழிப்பையும் வெளிப்படையாக எதிர்த்தார்.

ரியோ டி ஜெனீரோவை அடுத்து 1949இல் இவர் வாங்கிய நிலத்தில் 3,500க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வளர்கின்றன. 1985இல் அதை அரசுக்குக் கொடையளித்தார். 2021இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.