மந்தையில் நின்ற காதல்: இமையம் வந்த வழி



மந்தைவெளி என்ற பெயருக்கு மாட்டு மந்தை மேய்ந்த வெளி என்று பொருள் சொல்வார்கள். தென்மாவட்டக் கிராமங்களில் மந்தை என்றால் ஊர்க்கூட்டம் கூடுகிற இடமும்கூட. யார் யாரைக் கட்டலாம், யாரைத் தள்ளிவைக்கலாம் என்ற தீர்ப்பெல்லாம் அங்கேதான். காதலைப் பற்றிப் பேச இந்தப் பெயர் கொண்ட இடத்தில் கூடியிருக்கிறோம், பொருத்தம்தான்.

தமிழின் பெருமை அகத்திணை என்று நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ஆனால் தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏவல் செய்து பிழைப்பவருக்கு ஆசை உண்டு, கைக்கிளையும் பெருந்திணையும் உண்டு. நடுவில் உள்ள ஒத்த காதல் மட்டும் கிடையாது. பிறர் வேலைக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டவனுக்குக் காதலிக்க ஏது பொழுது என்று உரைகாரர் வழியில் நியாயமும் சொல்லலாம். அந்த நியாயத்துக்குள் கூலியும் சாதியும் இருக்கின்றன.

இந்த விலக்குக்கு வெளியிலிருந்துதான் இமையம் வருகிறார். கடலூர் மாவட்டம் கழுதூரில் 1964இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1994இல் க்ரியா வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியமும் சவுரியும் புதிரை வண்ணார் தம்பதி. பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுத்துப் படிச்சோறு வாங்குகிறவர்கள். நம்மை நாமே கேவலப்படுத்துவதா என்று நம் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தது. அந்தச் சண்டையில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம்: அது ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதையும்தான். வேலையும் பசியும் போக மிச்சமிருக்கிற நேரத்தில் இரண்டு பேர் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதை அவர் அப்போதே எழுதிவிட்டார்.

‘ஆறுமுகம்’ 1999. தாயின் உறவைத் தாங்க முடியாமல் ஓடிப்போகிற மகன். 2006இல் ‘செடல்’. பொட்டுக்கட்டி விடப்பட்டவளுக்குக் கல்யாணமே கிடையாது. ஊருக்கு மழை வேண்டுமென்றால் ஒரு சிறுமியின் வாழ்க்கையைக் கொடுத்துவிடலாம். இந்த இரண்டையும் தாண்டித்தான் ‘பெத்தவன்’ வருகிறது.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். அவன் தலித், பொறியியல் படித்தவன், அவள் வன்னியர். பதிவுத் திருமணம் செய்தவர்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. இமையம் வாழ்கிற வட்டாரம் அது. 2012இல் வந்த ‘பெத்தவன்’ கதையில் மகள் பாக்கியத்தைக் கொல்லச் சொல்லி ஊர் தீர்ப்புச் சொல்கிறது. தகப்பன் பழனி அவளை இரவோடிரவாக அனுப்பிவிட்டுத் தான் சாகிறான். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது. கதை அதற்கு முன்பே அச்சேறியிருந்தது. தீர்க்கதரிசனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவைப் பார்த்தவர் எழுதினார், அவ்வளவுதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாக்கியம் காதலிக்கிற பெரியசாமி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். நம் ஆள். ஆனால் கதை முழுக்கத் தகப்பனின் தவிப்புதான். ஆதிக்க சாதித் தகப்பனின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க நம் எழுத்தாளருக்கு முடிந்தது. நம் பையனின் நெஞ்சுக்குள் எப்போது போவோம்?

அதற்கு ஒரு பாதி விடை 2015இல் வந்த ‘எங் கதெ’. புருஷனை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கும் கமலா. அவளையே கதியென்று கிடந்து, பிறகு சந்தேகத்தில் வேகிற விநாயகம். ஊர்க்கூட்டம் வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. ஆணே மந்தையாகிவிடுகிறான். அவன் வாயாலேயே அவன் அற்பத்தனத்தைச் சொல்ல வைத்ததில்தான் இமையத்தின் நேர்மை இருக்கிறது.

‘செல்லாத பணம்’ 2018இல் வந்தது. அதற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது. பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கட்டிக்கொள்கிறாள். நாவலின் பெரும்பகுதி அவள் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிற நேரம். வெளியே பெற்றவர்கள் பணத்தோடு நிற்கிறார்கள்.