பார் வைத்த வண்டி

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் லைனில் செவ்வாப்பேட்டைக்கு வருகிறவர்கள் அம்பத்தூரைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த அம்பத்தூரில் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற சீமைப் பெயர்களோடு வண்டிகள் வெளியே வந்தன. பால்காரர், தபால்காரர், மில் தொழிலாளி, வாத்தியார் என்று வாங்கியவர்கள் பட்டியல் நீளும். அதில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த இடம் பின்னால் இருந்த கேரியர். ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, முந்தானை சக்கரத்தில் சிக்காமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர்தான் இன்றைய சைக்கிளின் பாட்டன். ஏறக்குறைய ஒத்த அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தை இழுக்கும் செயின் என்று அடிப்படையெல்லாம் அப்போதே அமைந்துவிட்டது. சில ஆண்டுகளில், நீளப் பாவாடை கட்டிய சீமைப் பெண்களுக்காக சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடிய குழாயை வளைத்துக் கீழே இறக்கினார்கள். நம்மூரில் அந்தக் குழாய்க்குப் பெயர் ‘பார்’. பார் இருந்தால் ஆண் வண்டி, இல்லாவிட்டால் லேடீஸ் சைக்கிள். புடவையோடு பின்னால் காலை வீசி ஏறுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் பெண்ணைத் தடுத்தது அந்த இரும்புக் குழாய் மட்டுமில்லை. லேடீஸ் சைக்கிள் கடைக்கு வந்த பிறகும் கிராமத்துப் பெண் அதில் ஏறவில்லை. வயசுக்கு வந்த பெண் தெருவில் சைக்கிள் மிதித்தால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

அந்த வாயை அடைத்த ஊர் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கேரளத்தின் எர்ணாகுளத்தைப் பின்பற்றி, நாடெங்கும் மாவட்டம் மாவட்டமாக முழு எழுத்தறிவுக்கு முயன்ற காலம் அது. அரசும் அறிவியல் இயக்கத்தாரும் சேர்ந்து இழுத்த தேர். சம்பளமில்லாத தொண்டர்கள், பகல் வேலை முடித்து வந்தவர்களுக்கு ராத்திரியில் பாடம் நடத்தினார்கள். பஸ் எட்டாத குக்கிராமங்களுக்குப் பெண் தொண்டர்கள் எப்படிப் போவார்கள் என்ற கேள்வி எழுந்தபோது கலெக்டர் கண்ட வழி சைக்கிள். தொண்டர்கள் ஓட்டக் கற்றதைப் பார்த்து, படிக்க வந்த பெண்களும் எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார் கலெக்டர். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு ஒதுக்கப்பட்டது.

பாடம் நடந்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொல்லைப்புறத்தில் யாருக்கும் தெரியாமல் அண்ணனிடம் கற்றுக்கொண்ட வித்தை இல்லை இது. நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கத் திறந்த வெளியில் கூட்டமாகக் கற்றார்கள். ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருத்தி கேரியரைத் தாங்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டவள் கெந்திக் கெந்தி ஏறினாள். நேற்று கற்றவள் இன்று வாத்தியார். விழுந்தவளைப் பார்த்துச் சிரிக்கவும் தூக்கிவிடவும் பத்துப் பெண்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஆபாசமான பேச்சும் வராமல் இல்லை. ஒருத்தி தனியாகப் போயிருந்தால் அந்தப் பேச்சே அவளை வீட்டுக்குள் தள்ளியிருக்கும். ஊரில் பாதிப் பெண்கள் மிதிக்கும்போது யாரை என்று பேசுவது? 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அந்த மாவட்டத்தைச் சுற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகக் குறித்தார்.

அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் பார் வைத்த ஆண் வண்டியையே எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது, பார் மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். நூறு வருஷமாகப் பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட குழாய், குழந்தைக்கு ஆசனம் ஆனது. தண்ணீர்க் குடம், சந்தைக்குக் கொண்டுபோகும் காய், பள்ளிக்கூடத்தில் விட வேண்டிய பிள்ளை எல்லாம் அதே வண்டியில் ஏறின. பஸ்ஸுக்கோ புருஷனுக்கோ காத்திருந்த நேரம் கைக்கு வந்தது.

பிறகு வண்டி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. தமிழக அரசு 2001-02இல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்கள் எல்லாருக்கும் விரித்தது. 2006இல் பீகார் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்ததையும், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். அங்கேயும் பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்தே போனார்கள்.

செவ்வாப்பேட்டை, திரூர் பக்கத்தில் பிளஸ் ஒன் மாணவி சைக்கிளில் போவதை இன்று யாரும் நின்று பார்ப்பதில்லை. புதுக்கோட்டைப் பெண்கள் வாங்கிய ஏச்சில் இவளுக்கும் பங்கு இருந்தது, அதை அவர்களே தீர்த்துவிட்டார்கள். ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் கதை மாறுகிறது. வண்டி தம்பிக்கோ அப்பாவுக்கோ போகிறது. கம்பெனி வேலைக்குச் சேர்ந்தவளை வேன் தெருமுனையில் ஏற்றி, தெருமுனையில் இறக்கிவிடுகிறது. ஷிப்ட் முடித்து வருகிறவள் எங்கே, எப்போது, யாரோடு போகலாம் என்பதை வீடும் வேனும் தீர்மானிக்கின்றன.

ஆக, வண்டியைக் கொடுப்பது பாதி வேலை. அது யாருடையது என்பதை ஊர் முன்னால் நிலைநாட்டுவது மீதி. புதுக்கோட்டையில் அந்த மீதியைச் செய்தது கற்றுக்கொண்ட கூட்டம். இன்று அந்தப் பாடம் ஸ்கூட்டிக்கும் ஆட்டோவுக்கும் வேன் டிரைவர் சீட்டுக்கும் தேவைப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத ஊராட்சி இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானத்துக்கும் பஞ்சமில்லை. குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்த கையோடு, ஓட்டத் தெரிந்த ஒருத்தி தெரியாத நாலு பேரை மைதானத்துக்குக் கூட்டிப் போகலாம். கலெக்டர் உத்தரவு வந்தால் நல்லது. வராவிட்டாலும் தொடங்கலாம்.