கோவேறு கழுதைகள் நடந்த பாதை



அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றோரமாக, வாஷிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்து வரை ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளும் மண்பாதை ஒன்று உண்டு. உந்துவண்டிகள் அதில் ஓடுவதில்லை. மிதிவண்டியில் செல்வோர் காடுகளையும் வயல்களையும் பார்த்தவாறு களைப்பின்றிச் செல்லலாம்.

அச்சமதளத்தை மிதிவண்டிக்காக எவரும் அமைக்கவில்லை. 1828இல் வெட்டத் தொடங்கி, 1850இல் கம்பர்லாந்தை எட்டிய செசபீக்-ஒஹாயோ கால்வாயின் கரை அது. நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிற்றால் இழுத்துச் சென்ற தடம். கால்வாய் நீர் மட்டமாக நிற்க வேண்டுமல்லவா? ஆதலால் கரையும் மட்டமாயிற்று. ஏற்றம் வந்த இடங்களில் படகை நீரோடு உயர்த்த 74 மதகுத் தொட்டிகள் இருந்தன.

1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938இல் கால்வாயை அரசு வாங்கியது. பின்னர் அத்தடத்தின்மீது உந்துவண்டிச் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழும் 1954 ஜனவரியில் அதனை ஆதரித்தது. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் மறுப்புமடல் எழுதி, தம்மோடு நடந்து பார்க்குமாறு அதன் ஆசிரியரை அழைத்தார். மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து நடைபயணம் புறப்பட்டது. எட்டு நாள்களில் முழுத் தொலைவையும் நடந்து முடித்தோர், டக்ளஸ் உட்பட, ஒன்பதின்மர் மட்டுமே! (நம் பாடநூல்களில் போர்களுக்குக் கிடைக்கும் பக்கங்கள் இத்தகைய நடைகளுக்குக் கிடைப்பதில்லை.) நாளிதழ் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது.

எனினும், தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. 1977இல் அப்பூங்கா டக்ளஸுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.