எயார்சொப்ட் துவக்குகள்: விளையாட்டுப் பொருள்தான், ஆனால் பார்ப்பவருக்கு?

கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பஸ்ஸில் ஒரு சிறுவன் கடைப்பையிலிருந்து கறுப்புப் பிஸ்டல் ஒன்றை வெளியே எடுத்தான். மஞ்சள் நிற பிளாஸ்டிக் குண்டு போடும் வகை. பக்கத்தில் இருந்த பெரியவர் அவன் கையைப் பிடித்து அமத்தினார்.

"டேய் தம்பி, அத உள்ள வை."

"தாத்தா, இது சும்மா வெளையாட்டுத் துவக்கு."

"எனக்குத் தெரியும்டா. ரோட்டுல நிக்கிற ஆமிக்காரனுக்குத் தெரியுமா?"

அடையாள அட்டையை நீட்டியபடி சோதனைச் சாவடிகளில் இறங்கி நின்ற தலைமுறை அவருடையது. சிறுவனுக்கோ துவக்குகளின் பெயர்கள் கைபேசி விளையாட்டுகளிலிருந்து தெரிந்தவை. அவன் கையில் இருந்தது எயார்சொப்ட் என்ற பெரிய குடும்பத்தின் மிக மலிவான உறுப்பினர். அந்தக் குடும்பத்தைப் பற்றி எமது வீடுகளில் தெரிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை தருகிறது.

எயார்சொப்ட் என்றால் என்ன?

நிஜத் துவக்கின் உருவத்தில் செய்யப்பட்டு, காற்று அல்லது வாயுவின் அழுத்தத்தால் பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும் கருவியே எயார்சொப்ட் துவக்கு. இது 1970களில் ஜப்பானில் தோன்றியது. அங்கே பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே துவக்கு மாதிரிகளைச் சேகரிப்போருக்காக, மென்மையாகச் சுடும் போலிகளை உற்பத்தியாளர்கள் செய்யத் தொடங்கினார்கள்.

குண்டின் விட்டம் பொதுவாக 6 மில்லிமீற்றர். எடை 0.12, 0.20, 0.25 கிராம் என்று வரும். 0.20 கிராம் குண்டு ஒன்று வினாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் போனால் அதன் சக்தி 1 ஜூல். எமக்குப் பழக்கமான ரி-56 துவக்கின் சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது ஏறத்தாழ 2000 ஜூல் சக்தி கொண்டது. எயார்சொப்ட் ஆட்களைக் கொல்வதற்கான கருவி அல்ல என்பது இந்தக் கணக்கில் தெரியும். ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அந்த 1 ஜூல் போதும்.

மூன்று வகைகள்

*சுருள்வில் வகை:* ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பூட்ட வேண்டும். உள்ளே அமுங்கிய சுருள்வில் விடுபடும்போது உந்துதண்டு முன்னே பாய்ந்து காற்றை அழுத்த, குண்டு வெளியேறும். பண்டிகைக் காலக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். தூரத்திலிருந்து குறிபார்க்கும் விலை கூடிய ரைபிள்கள் சிலவும் இதே முறையில் இயங்குகின்றன.

*மின்சார வகை:* பற்றரியில் ஓடும் மோட்டார், பற்சக்கரங்களைச் சுழற்றி அதே சுருள்வில்லை இழுத்து விடுகிறது. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். 1991இல் டோக்கியோ மருய் நிறுவனம் பிரான்ஸின் ஃபமாஸ் ரைபிளின் உருவில் வெளியிட்ட மாதிரியோடு இவ்வகை பரவியது. இன்று விளையாட்டு மைதானங்களில் அதிகம் காணப்படுவதும் இதுவே.

*வாயு வகை:* சிலிக்கன் எண்ணெய் கலந்த புரோப்பேன் அல்லது காபனீரொட்சைட்டு நிரப்பப்படும். பல பிஸ்டல்களில் சுடும்போது மேற்பகுதி நிஜத்தைப் போலவே பின்னே அடித்துத் திரும்பும். பார்வைக்கும் கைக்கும் நிஜத்துக்கு மிக நெருங்கியது இவ்வகைதான்.

எயார் ரைபிள் வேறு. அது 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டைப் பல மடங்கு சக்தியுடன் சுடும். சிறு பிராணிகளைக் கொல்லும். பெயின்ட்போல் சாயம் நிறைந்த பெரிய உருண்டையைச் சுடும்.

எப்படி விளையாடுகிறார்கள்?

இரு அணிகள் எதிர்த்து நிற்கும். எயார்சொப்ட் குண்டு சாயம் விடாது என்பதால், பட்டவர் தானே "பட்டது" என்று சொல்லி, கையை உயர்த்தி வெளியேற வேண்டும். நேர்மையில்தான் ஆட்டம் நடக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துவக்கின் வேகமும் கருவியால் அளக்கப்படும். கண் கவசம் இல்லாதவருக்கு அனுமதி இல்லை.

முதல் ஆபத்து: கண்

மைதானத்தில் கட்டாயமான கண்ணாடி, லயத்து வாசலில் விளையாடும் பிள்ளைக்கு இருப்பதில்லை. குண்டு பட்டால் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், விழித்திரை பாதிக்கப்படலாம். வெளியே காயம் தெரியாமலும் இருக்கலாம். கண்ணைத் தேய்க்க வேண்டாம், அழுத்திக் கட்ட வேண்டாம், வீட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். கடதாசிக் கோப்பை போன்ற ஒன்றைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து மூடி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது ஆபத்து: உருவம்

2014 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரப் பூங்கா ஒன்றில், எயார்சொப்ட் பிஸ்டலோடு விளையாடிய 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் டமீர் ரைஸைப் பொலிஸார் சுட்டனர். மறுநாள் அவன் இறந்தான். போலி என்று காட்டும் செம்மஞ்சள் முனை அந்தப் பிஸ்டலில் இருக்கவில்லை. துவக்கு போலியாக இருக்கலாம் என்று தொலைபேசியில் அறிவித்தவர் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் பொலிஸாரைச் சென்றடையவில்லை. வந்து இறங்கிய சில வினாடிகளில் சுட்டார்கள்.

உருவம், சக்தி இரண்டையுமே சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஜப்பான் 2006இல் 6 மில்லிமீற்றர் குண்டுக்கு 0.98 ஜூல் எல்லை வைத்தது. பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நிஜம் போன்ற போலிகளின் விற்பனையையும் இறக்குமதியையும் தடைசெய்து, எயார்சொப்ட் விளையாடுவோருக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளித்தது. கனடாவில் நிஜத்தை அப்படியே ஒத்த, வேகம் குறைந்த மாதிரிகள் தடைசெய்யப்பட்ட போலித் துவக்குகளாகக் கணிக்கப்படலாம். இலங்கையில் துவக்குகளுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

எமது வீடுகளுக்கு

வெளிநாட்டிலுள்ள உறவுகள் இவற்றைப் பொதியில் போடுவதற்கு முன் சுங்கத் திணைக்களத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும். "விளையாட்டுச் சாமான்" என்று எழுதி அனுப்பினால், வில்லங்கம் பொதியை வாங்குபவருக்கே வரும்.

பிள்ளைக்கு வாங்கினால் கடும் நிறத்தில் உள்ளதையே வாங்குங்கள். செம்மஞ்சள் முனையை உடைக்கவோ கறுப்பு மை பூசவோ விடாதீர்கள். பஸ்ஸில், கடைவீதியில், பாடசாலையில் வெளியே எடுக்கக் கூடாது. அதைப் பிடித்தபடி எடுத்த படத்தை முகநூலில் போடவும் கூடாது. பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான நாடு இது.

வீட்டில் சுற்றிவளைப்பையோ முகாமையோ கண்டவர்கள் இருந்தால், அவர்கள் முன்னால் துவக்கை நீட்டி விளையாட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். பஸ்ஸில் இருந்த அந்தச் சிறுவன் பிஸ்டலைப் பைக்குள் வைத்துவிட்டு, "ஏன் தாத்தா, முந்தி என்ன நடந்திச்சி?" என்றுதான் கேட்டான். நான் இறங்கும்வரை பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.