ஃபெர்மிலாப்: லாபக் கணக்கில் வராத ஆய்வுக்கூடம்

கோடிக்கணக்கில் பணம் போட்டால் திரும்ப என்ன வரும் என்று கேட்பது உலக வழக்கம். தொழிற்சாலை என்றால் பொருள் வரும். அணை என்றால் தண்ணீரும் மின்சாரமும் வரும். அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஆராயும் கூடத்துக்குப் பணம் போட்டால்? இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலிருந்தே சந்தித்து வரும் ஆய்வுக்கூடம் அமெரிக்காவின் ஃபெர்மிலாப்.

1969 ஏப்ரல் மாதம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் அணுசக்திக் கூட்டுக்குழு முன்பு ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர் சாட்சி சொல்ல வந்தார். 25 கோடி டாலர் திட்டத்துக்கு அவர் இயக்குநர். இந்த இயந்திரத்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏதாவது பயன் உண்டா என்று செனட்டர் ஜான் பாஸ்டோரி கேட்டார். பனிப்போர்க் காலம் அது. "உண்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பணம் சுலபமாகக் கிடைத்திருக்கும். வில்சனோ இல்லவே இல்லை என்றார். நல்ல ஓவியமும் சிற்பமும் கவிதையும் நாட்டுக்கு என்ன தருகின்றனவோ அதைத்தான் இதுவும் தரும். நாட்டைக் காக்க இது உதவாது, ஆனால் காக்கத் தகுந்த நாடாக ஆக்க உதவும் என்பதே அவர் பதிலின் சாரம். இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர் இப்படிச் சொன்னார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது!

வயல்வெளியில் ஒரு வளையம்

சிகாகோவுக்கு மேற்கே, வெஸ்டன் என்ற சிறு கிராமமும் அதைச் சுற்றியிருந்த விவசாய நிலங்களுமாக 6,800 ஏக்கர் இதற்காக எடுக்கப்பட்டது. 1967-இல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. சுமார் 6.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்றை மண்ணுக்கடியில் அமைத்தார்கள். அதற்குள் புரோட்டான்களைக் காந்தங்களால் வளைத்து, ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கூட்டி, இலக்கின் மீது மோத விட வேண்டும். மோதலில் தெறிப்பவற்றை ஆராய்ந்தால் பொருளின் உள்கட்டமைப்பு தெரியும்.

சொல்வது சுலபம், செய்வது கடினம். 1971-இல் ஈரம் பட்டு நூற்றுக்கணக்கான காந்தங்கள் பழுதாகின. குழாய்களுக்குள் உலோகத் துணுக்குகள் கிடந்தன. அவற்றைத் துடைக்க கீரி போன்ற ஃபெரட் என்ற பிராணியை 35 டாலருக்கு வாங்கினார்கள்! ஃபெலிசியா என்று பெயர். பிரதான வளையத்தின் நீண்ட குழாய்க்குள் போக அது மறுத்துவிட்டது. ஆனால் வேறொரு பகுதியின் சிறிய குழாய்களுக்குள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. பிறகு அந்தக் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்துச் சுத்தம் செய்தார்கள். சிக்கனத்துக்குப் பேர்போன வில்சன் ஒதுக்கிய தொகைக்குள்ளேயே வேலையை முடித்தார். 1972 மார்ச்சில் இயந்திரம் திட்டமிட்ட ஆற்றலை எட்டியது. 1974-இல் என்ரிகோ ஃபெர்மியின் பெயர் சூட்டப்பட்டது.

பன்னிரண்டில் மூன்று

இன்றைய அறிவியலின்படி பொருளுக்கு அடிப்படையான துகள்கள் பன்னிரண்டு. ஆறு குவார்க்குகள், ஆறு லெப்டான்கள். இவற்றில் மூன்று இந்த ஒரே இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. 1977-இல் லியோன் லெடர்மன் குழு பாட்டம் குவார்க்கைக் கண்டது. 1983-இல் அதே சுரங்கத்தில் டெவட்ரான் என்ற புதிய முடுக்கி ஓடத் தொடங்கியது. மீக்கடத்து காந்தங்களைக் கொண்டு கட்டப்பட்ட முதல் பெரிய முடுக்கி அதுதான். அதில் இரண்டு குழுக்கள் போட்டியாகத் தேடி, 1995 மார்ச்சில் டாப் குவார்க்கை அறிவித்தன. ஒரு துகள், ஆனால் அதன் எடை கிட்டத்தட்ட ஒரு முழுத் தங்க அணுவின் எடை! மூன்றாவதான டாவ் நியூட்ரினோ 2000-இல் அறிவிக்கப்பட்டது.

இந்தப் புகழுக்கு நடுவிலும் பணப் பிரச்சினை விடவில்லை. போதிய நிதி இல்லை என்றுதான் வில்சன் 1978-இல் பதவி விலகினார். டெக்சாஸில் 87 கிலோமீட்டர் வளையமாகக் கட்டத் தொடங்கிய பெரும் முடுக்கியை, சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு 1993-இல் நாடாளுமன்றம் நிறுத்தியது. 2007 டிசம்பரில் ஃபெர்மிலாபின் பட்ஜெட்டிலும் கை வைத்தது. 2008-இல் ஊழியர்கள் முறை வைத்துச் சம்பளமில்லா விடுப்பில் போக நேர்ந்தது. அப்போது பெயர் வெளியிடாத ஒருவர் 50 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார். அதன் பிறகே அந்தக் கட்டாய விடுப்பு நின்றது. உலகின் மிகப்பெரிய முடுக்கியை வைத்திருந்த இடத்துக்கு வந்த நிலை இது.

முதலிடம் போன பின்

2009 நவம்பரில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் ஆற்றலில் டெவட்ரானை முந்தியது. இன்னும் மூன்று ஆண்டுகள் டெவட்ரானை ஓட்டலாம் என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அதற்கு ஆண்டுக்குக் கூடுதலாக 3.5 கோடி டாலர் வேண்டும். பணம் இல்லை என்று 2011 ஜனவரியில் பதில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று இயந்திரம் நிறுத்தப்பட்டது. பொத்தானை அழுத்தி நிறுத்தியவர் ஹெலன் எட்வர்ட்ஸ். டெவட்ரானைக் கட்டும் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

பெரிய இயந்திரம் போனதும் ஃபெர்மிலாப் வேறு வழியில் திரும்பியது. அதிக ஆற்றலில் மோத விட முடியாவிட்டால், இருப்பதை அதிகத் துல்லியமாக அளக்கலாம் அல்லவா?

மியூவான் என்பது எலெக்ட்ரானின் கனமான உறவினர். காந்தப்புலத்தில் அது பம்பரம் போலத் தலையாட்டும். எவ்வளவு வேகமாக ஆடும் என்பதைக் கோட்பாடு சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் 2001 முதல் வெளியிட்ட அளவுகள் கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை. இதுவரை அறியாத துகள் ஏதோ இருக்கிறதோ என்ற எதிர்பார்ப்பு உண்டானது. மீண்டும் அளந்து பார்க்க, அங்கிருந்த 15 மீட்டர் அகலக் காந்த வளையத்தையே 2013-இல் சிகாகோவுக்குக் கொண்டு வந்தார்கள். அதைப் பிரிக்கவும் கூடாது, சில மில்லிமீட்டருக்கு மேல் வளையவும் கூடாது. படகில் ஏற்றி, அட்லாண்டிக் கரையோரமாக ஃபுளோரிடாவைச் சுற்றி, மிசிசிப்பி ஆற்றில் ஏறி, சாலைகளில் இரவு நேரத்தில் ஊர்ந்து, சுமார் 5,000 கிலோமீட்டர் பயணம். புதிதாகக் கட்டுவதைவிட இதற்குப் பத்தில் ஒரு பங்குதான் செலவு!

ஆய்வின் நேர்மைக்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குழுவில் இல்லாத இருவர், அளக்கும் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே மாற்றி, அந்த எண்ணை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். கணக்கு முழுவதும் முடிந்த பிறகே உறை பிரிக்கப்பட்டது. விடையை விருப்பத்துக்கு வளைக்க யாராலும் முடியாது. கணக்குப்பிள்ளை வேறு, தணிக்கையாளர் வேறு என்று வைப்பது போலத்தான் இது.

2021 ஏப்ரலில் வந்த முதல் முடிவு பழைய அளவை உறுதி செய்தது. உலகப் பத்திரிகைகளில் பரபரப்பு. 2025 ஜூனில் இறுதி முடிவு வந்தது. 100 கோடியில் 127 பங்கு மட்டுமே பிழைக்கு இடம். திட்டமிட்டதைவிடவும் துல்லியம். ஆனால் அதற்கு முன்பே கோட்பாட்டாளர்கள் கணினிகளில் போட்ட புதிய கணக்கு அந்த அளவோடு ஒத்துப்போய்விட்டது. எதிர்பார்த்த புதிய துகள் தெரியவில்லை.

டெவட்ரான் விட்டுச் சென்ற தரவுகளிலும் இதே கதை. 2022-இல் டபிள்யூ துகளின் எடை கோட்பாட்டைவிட அதிகம் என்று ஃபெர்மிலாபின் ஒரு குழு அறிவித்தது. 2024-இல் செர்னின் ஒரு குழு அளந்தபோது கோட்பாட்டின் பக்கமே விடை வந்தது.

அப்படியானால் எல்லாம் வீணா?

இல்லை. மியூவானை அளந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த விடையைத் தேடவில்லை, உண்மையான விடையைத் தேடினார்கள். இனி எந்தப் புதிய கோட்பாடு வந்தாலும் அந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். தவறான பாதைகளை அடைப்பதும் அறிவு வளரும் வழிதான்.

அடுத்த வேலையும் தொடங்கிவிட்டது. ஃபெர்மிலாபிலிருந்து நியூட்ரினோக்களைப் பூமிக்குள் 1,300 கிலோமீட்டர் அனுப்பி, தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்தில் பிடிக்கும் டூன் திட்டம் அது. சுமார் 8 லட்சம் டன் பாறையை வெட்டியெடுத்த பிறகு, 2024-இல் குகைகள் தயாராகின. இதற்கான புதிய முடுக்கிக்கு இந்திய அணுசக்தித் துறையும் உறுப்புகள் செய்து தருகிறது. அண்டத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது என்பதற்கு அங்கே ஒரு துப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இதற்கும் பல நூறு கோடி டாலர் ஆகும். இதனால் என்ன வரும் என்று மறுபடியும் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, அது மக்கள் பணம். ஆனால் பதில் சொல்பவர் வில்சனைப் போல உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வராத லாபத்தை வரும் என்று சொல்லி வாங்கும் பணத்தைவிட, அறிந்துகொள்வதற்காக என்று சொல்லி வாங்கும் பணமே அறிவியலுக்குப் பெருமை.