அணுக்கழிவும் ஓரறிவுயிரும்

செம்பூர், அணுசக்தி நகர்ப் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் நமக்குள் இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, "கிருமியை விட்டால் அணுக்கழிவைத் தின்று தீர்த்துவிடுமாமே, நிஜமா?" என்ற கேள்வி நம்மவர் கூடும் இடங்களில் அடிக்கடி வருகிறது. அடியேன் பாத்திர வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை அடைத்த பிறகு நூலகங்களில் படித்துக் குறித்து வைத்ததை இங்கே வரலாறாகத் தொகுத்துத் தருகிறேன்.

கதை தொடங்குவது ஒரு டப்பாவில். 1956-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், டப்பாவில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிரால் கெடாமல் காக்க முடியுமா என்று சோதித்தார். எல்லா உயிரையும் கொன்றுவிடும் என்று எண்ணிய அளவுக்குக் கதிர் பாய்ச்சியும் இறைச்சி கெட்டுப்போயிற்று. உள்ளே ஒரு சிவந்த நுண்ணுயிர் உயிரோடு இருந்தது. அதன் இன்றைய பெயர் டீனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். மனிதனுக்கு 5 கிரே கதிர்வீச்சே உயிருக்கு உலை. இதுவோ 5,000 கிரேயைத் தாங்கும். அதன் மரபிழை நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறினாலும் சில மணி நேரத்தில் ஒட்டுப்போட்டுக் கொள்கிறது. 1999-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள்.

இந்த உயிரின் மேல் கண் விழக் காரணம் ஹான்ஃபோர்டு. நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் செய்த இடம் அது. கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ளது. அங்கே மண்ணுக்குள் புதைத்த 177 தொட்டிகளில் ஐந்தரைக் கோடி காலனுக்கு மேல் கழிவு சேர்ந்தது. பல தொட்டிகள் கசிந்தன. இப்படிப்பட்ட ஆயுதக் கழிவிடங்களில் கதிரோடு பாதரசம் போன்ற நச்சுகளும் கலந்திருக்கும். 2000-இல் மைக்கேல் டேலி குழுவினர், பாதரச நஞ்சின் கடுமையைக் குறைக்கும் மரபணுவை வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்து டீனோகாக்கஸுக்குள் வைத்துக் காட்டினார்கள். ஆய்வுக்கூட அளவில் அது வேலை செய்தது.

இன்னொரு வழியைக் காட்டியவர் டெரெக் லவ்லி. பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கிடைத்த ஜியோபேக்டர் இனம், நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்துக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அதைக் கரையாத வடிவமாக மாற்றுகிறது என்று அவர் குழு 1991-இல் எழுதியது. கரையாதது அடியில் படிந்துவிடும், ஊற்றுநீரோடு ஓடாது. கொலராடோவில் ரைஃபிள் என்ற ஊரில் பழைய யுரேனிய ஆலை ஒன்று இருந்த இடத்தில் 2002-இல் இதைச் சோதித்தார்கள். வினிகரின் உறவான அசிடேட்டை நிலத்தடி நீரில் செலுத்தி, அங்கேயே வாழும் ஜியோபேக்டருக்கு இரையாக்கினார்கள். 50 நாளைக்குள் சில கிணறுகளில் யுரேனியம் அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கியது. பிறகு என்ன ஆச்சு தெரியுமா? அந்த இரைக்கு வேறு வகை நுண்ணுயிர்கள் பங்குக்கு வந்து பெருகின, ஜியோபேக்டர் குறைந்தது, யுரேனியம் மறுபடி ஏறியது.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. டிராம்பேயில் எஸ். கே. ஆப்தே குழுவினர் 2006-இல், டைபாய்டு கிருமியின் மரபணு ஒன்றை டீனோகாக்கஸில் சேர்த்தார்கள். அது வெளிவிடும் பாஸ்பேட் யுரேனியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிறது. நீர்த்த கரைசலில் இருந்த யுரேனியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் 6 மணி நேரத்தில் படிந்தது. அதே 2006-இல் நம் கல்பாக்கத்திலும், நுண்ணுயிர்கள் திரண்டு உருவாகும் குருணைகளைக் கொண்டு நீரிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார்கள்.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். எந்த நுண்ணுயிரும் கதிரியக்கத்தைத் தின்று தீர்ப்பதில்லை. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. சீசியம்-137-க்கு 30 ஆண்டு. கிருமி அந்தக் கெடுவில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. சிதறிக்கிடந்த சரக்கை மூட்டை கட்டி ஓரமாக வைக்கிறது, அவ்வளவுதான். மூட்டைக்குக் காவல் வேண்டும். ஜியோபேக்டர் படியவைத்த யுரேனியம் ஆக்சிஜன் பட்டால் மறுபடி கரையும். கடுமையான கழிவைக் கண்ணாடியோடு உருக்கி இறுக வைக்கும் முறைதான் டிராம்பேயிலும் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் கையாளப்படுகிறது. நுண்ணுயிரின் இடம் நீர்த்த கழிவிலும் கெட்டுப்போன நிலத்தடி நீரிலும்தான். குடிக்கிற கிணற்றுக்கு நஞ்சு வராமல் தடுத்தால் அதுவே பெரிய உபகாரம்.

சமண மரபில் வந்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மண்ணிலும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத ஓரறிவுயிர்கள் நிறைந்துள்ளன என்று எங்கள் பெரியோர் சொன்னது, அவற்றுக்கு ஊறு செய்யாமல் நடக்க வேண்டும் என்பதற்காக. நாம் சேர்த்த நஞ்சை அந்த உயிர்களின் தலையில் கட்டிவிட்டு, "கிருமி பார்த்துக்கொள்ளும்" என்று மேலும் மேலும் சேர்ப்பது முறையல்ல. மிகுபொருள் விரும்பாமை என்ற விரதம் கழிவுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு உலை கட்டும்போதே அதன் கழிவுக்கு எத்தனை தலைமுறை காவல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். ரைஃபிளில் ஏறிய யுரேனியத்தை ஏறாமல் நிறுத்துவது எப்படி என்று அவர்களில் ஒருவராவது யோசிக்கட்டும். விவரம் தெரிந்த அன்பர்கள் மேலும் சொன்னால் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.