கித்தான் இழுத்துக் கட்டல்

ஓவியம் தீட்டுவதற்கான துணியை மரச்சட்டத்தின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து, விளிம்புகளை ஆணியடித்து நிறுத்தும் முறை கித்தான் இழுத்துக் கட்டல் எனப்படும். இந்தச் சட்டம் படத்தைச் சுற்றி அழகுக்குப் போடும் வெளிச்சட்டம் அன்று. துணிக்குப் பின்னால் மறைந்திருந்து தாங்குவது. துணியோ ஈரத்துக்கும் வறட்சிக்கும் தக்கபடி தொய்ந்தும் விறைத்தும் கொண்டிருக்கும். அந்தத் தொய்வோடு நடந்த மல்லுக்கட்டுதான் இம்முறையின் வரலாற்றில் பெரும்பகுதி.

ஐரோப்பாவில் இடைக்காலம் முழுவதும் மரப்பலகையே ஓவியத்தின் முதன்மைத் தளமாக இருந்தது. எனினும் 1400 அளவில் இத்தாலியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூல், துணியைச் சட்டத்தில் ஆணியடித்து இழுத்து, பசை பூசித் தயார் செய்யும் விதத்தைச் சொல்கிறது. கித்தானை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது வெனிஸ். ஈரமும் உப்புக்காற்றும் சுவரோவியத்தை அரித்த நகரம் அது. பாய்மரக் கப்பல்களுக்கான துணிக்கும் அங்கே பஞ்சமில்லை. பலகையில் நினைத்துப்பார்க்க முடியாத அளவுகள் துணியில் கைகூடின. 1563இல் வெரோனேசே முடித்த ‘கானா ஊர்த் திருமணம்’ ஏறத்தாழ 6.77 மீட்டர் உயரமும் 9.94 மீட்டர் அகலமும் கொண்டது. 1797இல் நெப்போலியனின் படை அதைப் பாரிசுக்குக் கொண்டுபோக முடிந்ததும் அது துணி என்பதால்தான்.

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில், துணியைவிடப் பெரிய தற்காலிகச் சட்டத்தின் நடுவே துணியை வைத்து, கயிற்றுக்கட்டிலுக்குக் கயிறு பின்னுவதுபோல் சுற்றிலும் கயிறு கோத்து இழுப்பது வழக்கம். கயிறு பிடித்த இடங்களில் பாவும் ஊடையும் வெளிப்பக்கம் வளையும். இடைப்பட்ட இடங்களில் உள்வாங்கும். மேலே பூசிய வச்சிரப்பசை காய்ந்ததும் அந்த அலைவடிவம் அப்படியே உறைந்துவிடும். இன்று எக்ஸ்கதிர்ப் படத்தில் அது தோரணம் கட்டியதுபோல் தெரிகிறது. மூன்று விளிம்பில் தோரணமும் நான்காவதில் வெறுமையும் இருந்தால், அந்தப் பக்கம் பின்னாளில் வெட்டப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் ஐயுறுவர். அப்படி வெட்டுவது அரிதும் அன்று. ரெம்பிராண்டின் ‘இராக்காவல்’ படத்தையே 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபச் சுவருக்குப் பொருந்தும்படி வெட்டிக் குறைத்தார்கள்.

பழைய சட்டங்களின் மூலைகள் அசையாதவை. துணி தொய்ந்தால் ஆணிகளைப் பிடுங்கி மறுபடி இழுக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய ஆப்புச் சட்டம் இதை மாற்றியது. அதன் மூலைப் பொருத்துகளை ஒட்டுவதில்லை. மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்புகள் செருகப்படும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் மூலை விரிந்து துணி இறுகும். அளவு மீறித் தட்டினால் மூலையருகே வண்ணம் வெடிக்கும்.

கட்டும் வரிசை இன்றுவரை பெரிதும் மாறவில்லை. இழைகள் சட்டத்துக்கு இணையாக ஓடும்படி துணியை விரித்து, முதல் ஆணியை ஒரு பக்கத்தின் நடுவிலும் அடுத்ததை அதற்கு எதிர்ப்பக்கத்திலும் அடிப்பார்கள். பிறகு மற்ற இரு நடுப்பகுதிகள்; அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி நகர வேண்டும். அகன்ற வாயுள்ள குறட்டால் துணியைக் கவ்வி இழுப்பதுண்டு. மூலைத்துணியை வெட்டுவதில்லை, மடித்துச் செருகுவார்கள். சட்டத்தின் உள்விளிம்பு சரித்துச் சீவப்பட்டிருக்கும். இல்லையென்றால் துணி அதில் படிந்து, ஓவியத்தின் முகப்பில் கோடு விழும். நன்றாக இறுகிய கித்தானைச் சுண்டினால் மேளத்தோல் போல் ஒலிக்கும். இரும்பாணி துருப்பிடித்துத் துணியை அரித்ததால் செம்பாணிகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் ஸ்டேப்ளர் கம்பிகள் பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்தன.

தஞ்சாவூர் ஓவியத்திலும் துணி உண்டு. ஆனால் அது பலாப்பலகைமேல் ஒட்டப்படுவதால் இழுத்துக் கட்டும் தேவையில்லை. கித்தானில் எண்ணெய்வண்ணம் தீட்டும் வழக்கம் ஐரோப்பியரோடு வந்தது. 1769இல் சென்னையில் இறங்கிய ஆங்கில ஓவியர் டில்லி கெட்டில் ஆர்க்காட்டு நவாபை வரைந்தார். அடுத்த நூற்றாண்டில் ரவி வர்மா (1848–1906) அதே ஊடகத்தில் பெயர்பெற்றார்.

20ஆம் நூற்றாண்டில் சட்டமே கேள்விக்குள்ளானது. ஜாக்சன் பொல்லாக் துணியைத் தரையில் விரித்து வண்ணம் சொட்டினார். லூச்சியோ ஃபொன்டானா 1958 முதல் இறுகிய கித்தானைக் கத்தியால் கீறினார். கீறல் வாய் பிளந்து நிற்பதற்குத் துணியின் இழுவிசையும் ஒரு காரணம். பிரான்சின் டேனியல் தெஸ்யூஸ் 1967இல் மரச்சட்டத்தின்மேல் துணிக்குப் பதிலாக ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினார். அதில் பார்ப்பதற்கு இருந்தது பின்னாலுள்ள சட்டம் மட்டுமே.